பணம் போயிடுச்சு, பில் கட்டலையாம்: செயலியில் கரண்ட் பில் கட்டும்போது யார் கணக்கு உண்மை?

சிவகாசி பக்கம் திருத்தங்கலில் ஒரு வீடு. அம்மா பட்டாசு ஆலைத் தொழிலாளி. மகனுக்குச் சென்னை ஓ.எம்.ஆரில் ஐ.டி. வேலை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கரண்ட் பில்லை மகன்தான் போனில் கட்டுகிறார். இப்படி ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். விருதுநகர் மாவட்டத்தில் இதைக் கற்பனை செய்வது ஒன்றும் கஷ்டமில்லை.

கடைசித் தேதி இரவு, செயலியில் பில் கட்டினார். பச்சை டிக் வந்தது. வங்கியிலிருந்து பணம் கழிந்த எஸ்.எம்.எஸ்.ஸும் வந்தது. வேலை முடிந்தது என்று தூங்கப் போய்விட்டார். மூன்று வாரம் கழித்து அம்மாவிடமிருந்து போன்.

"ஏய்யா, பில்லு கட்டலையா? ஈ.பி.காரங்க வந்து ஃபியூஸைப் பிடுங்கிட்டுப் போயிட்டாங்க."

"கட்டிட்டேனேம்மா! பச்சை டிக் இருக்கே, பணமும் போயிருக்கு."

"அதை அவுங்ககிட்ட எப்படிய்யா காட்டுறது? உங்கிட்டதான இருக்கு."

இந்த மூன்று வரிப் பேச்சில்தான் இன்றைய டிஜிட்டல் பில் கட்டணத்தின் மொத்தச் சிக்கலும் இருக்கிறது. பணம் கட்டியவரின் கணக்கில் பில் முடிந்துவிட்டது. பணம் பெற வேண்டியவரின் கணக்கில் முடியவில்லை. நடுவில் இருக்கும் செயலி, "வெற்றி" என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டது. நிரூபிக்க வேண்டிய வேலை மட்டும் வீட்டுக்காரர் தலையில்.

பச்சை டிக் எதைச் சொல்கிறது?

செயலியில் பில் கட்டுவது ஒரே வேலை போலத் தெரியும். உண்மையில் அது இரண்டு வேலை.

முதல் வேலை, பணத்தை நகர்த்துவது. உங்கள் வங்கியிலிருந்து யு.பி.ஐ. வழியாகவோ கார்டு வழியாகவோ பணம் கிளம்புகிறது. இரண்டாவது வேலை, "இந்தப் பணம் இந்த மின் இணைப்பின் இந்த பில்லுக்கானது" என்ற தகவலைக் கொண்டு சேர்ப்பது. மின்வாரியத்தின் கணக்கில் உங்கள் இணைப்பு எண்ணுக்கு நேரே வரவு வைக்கப்பட்டால்தான் இந்த இரண்டாவது வேலை முடிந்ததாக அர்த்தம்.

இந்த இரண்டாவது வேலைக்கென்றே இந்தியாவில் ஒரு பொதுப் பாதை இருக்கிறது. பாரத் பில் பேமென்ட் சிஸ்டம், சுருக்கமாக பி.பி.பி.எஸ். இதற்கான வழிகாட்டுதலை ரிசர்வ் வங்கி 2014-ல் வெளியிட்டது. 2016-ல் சோதனை ஓட்டம் தொடங்கியது. 2021 முதல் என்.பி.சி.ஐ.யின் துணை நிறுவனமான என்.பி.சி.ஐ. பாரத் பில்பே இதை நடத்துகிறது. இப்போது 'பாரத் கனெக்ட்' என்ற பெயரில் செயலிகளில் இதன் முத்திரையைப் பார்த்திருப்பீர்கள்.

இந்தப் பாதையில் குறைந்தது நான்கு நிறுத்தங்கள். நீங்கள் பயன்படுத்தும் செயலி. அதன் பின்னால் வாடிக்கையாளர் பக்க நிறுவனம். நடுவில் பாரத் கனெக்ட் மையம். அடுத்து, பில் போடும் அமைப்புக்காக வேலை செய்யும் இன்னொரு நிறுவனம். கடைசியில்தான் மின்வாரியமோ, மாநகராட்சியோ, கேஸ் ஏஜென்சியோ. வங்கியிலிருந்து பணம் எடுக்கும் யு.பி.ஐ. பாதை இதற்குத் தனி.

இதில் எந்த நிறுத்தத்தில் தகவல் நின்றாலும் வீட்டில் இருப்பவருக்குத் தெரிவது ஒன்றுதான்: பணம் போயிடுச்சு, பில் கட்டலை.

பெரும்பாலான நாட்களில் எல்லாம் சரியாக நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2025 ஆகஸ்ட்டில் யு.பி.ஐ. பரிவர்த்தனைகள் முதன்முறையாக ஒரே மாதத்தில் 2,000 கோடியைத் தாண்டின. இவ்வளவு பெரிய அமைப்பு ஓடிக்கொண்டிருப்பதே சாதனைதான். ஆனால் அதே 2025-ல் மார்ச் 26, ஏப்ரல் 12 போன்ற தேதிகளில் நாடு முழுக்க யு.பி.ஐ. தடுமாறியது. 2,000 கோடியில் மிகச் சிறிய பங்கு தவறினாலும், எண்ணிக்கையில் அது சின்னது இல்லை. அந்தச் சின்னப் பங்கில் உங்கள் வீட்டு பில் இருந்தால் உங்களுக்கு அது நூறு சதவீதம்.

விருதுநகர் கடைக்காரருக்குத் தெரிந்த கணக்கு

விருதுநகர் வியாபார ஊர். வத்தல், மல்லி, பருப்பு, எண்ணெய் என்று பத்திரிகைகளில் 'விருதுநகர் மார்க்கெட் நிலவரம்' தனியாகவே வரும். அந்த ஊர்க் கடைகளில் கணக்குப்பிள்ளைகள் இரண்டு புத்தகம் வைத்திருப்பார்கள். அன்றன்று நடந்ததை எழுதுவது நாள்வழி. ஒவ்வொரு ஆள் பெயரிலும் பற்று, வரவு ஏற்றுவது பேரேடு.

நாள்வழியில் ஒரு தொகை எழுதியாச்சு என்றால் பணம் வந்தது என்று மட்டும்தான் அர்த்தம். அது யார் பாக்கிக்கு என்று பேரேட்டில் ஏற்றினால்தான் பாக்கி கழியும். நாள்வழியிலிருந்து பேரேட்டுக்கு ஏறாமல் விட்டுப்போனால், அது கணக்குப்பிள்ளையின் தவறு. பணம் கட்டியவரைக் கூப்பிட்டு "நீ கட்டியதை நிரூபி" என்று முதலாளி கேட்க மாட்டார். முதலில் நாள்வழியைத்தான் புரட்டுவார்.

செயலிகள் காட்டும் பச்சை டிக் பல நேரம் நாள்வழிப் பதிவுதான். மின்வாரியத்தின் இணையதளத்தில் வரும் ரசீதுதான் பேரேடு. இந்த வித்தியாசத்தை எந்தச் செயலியும் பயனாளருக்குப் புரியும்படி சொல்வதில்லை. இரண்டுக்கும் ஒரே பச்சை நிறம், ஒரே "சக்சஸ்" சத்தம்.

யாருக்காகச் செய்த செயலி இது?

வரவு செலவைப் பார்த்துக்கொள்ளும் செயலிகள் எல்லாமே ஒரு மனிதரை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. அவருக்கு மாதம் ஒரு சம்பளம், அதுவும் ஒன்றாம் தேதி வங்கிக் கணக்கில் வரும். எல்லா பில்லும் மாதாமாதம் வரும். போன் எப்போதும் கையில் இருக்கும். ஆங்கிலத்தில் வரும் பிழைச் செய்தி புரியும்.

தமிழ்நாட்டு வீட்டுக் கணக்கு அப்படி இல்லை. கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. சொத்துவரி ஆறு மாதத்துக்கு ஒருமுறை. இன்ஷூரன்ஸ் பிரீமியம் பலருக்கு மூன்று மாதத்துக்கோ வருஷத்துக்கோ ஒருமுறை. மகளிர் குழுத் தவணை வாரமோ மாதமோ. செயலியின் மாதாந்திர வட்டப்படத்தில் ஒரு மாதம் "அளவாகச் செலவு செய்திருக்கிறீர்கள்" என்று பாராட்டு வரும். அடுத்த மாதம் கரண்ட் பில்லும் வரியும் சேர்ந்து வந்ததும் "பட்ஜெட்டைத் தாண்டிவிட்டீர்கள்" என்று சிவப்புக் கோடு போடும். இரண்டிலும் பயன் இல்லை.

மின் கட்டணத்திலேயே இன்னொரு விஷயம். வீட்டு இணைப்புகளுக்கு முதலில் குறிப்பிட்ட யூனிட் வரை இலவசம், அதன்பின் யூனிட் கூடக் கூட விலையும் கூடும். கோடையில் ஃபேனும் ஏ.சி.யும் ஓடினால் பில் சட்டென்று எகிறும். போன பில்லை வைத்து அடுத்த பில்லை ஊகிக்கும் செயலியின் கணிப்பு இங்கே அடிக்கடி தவறுவதில் ஆச்சரியமில்லை.

பட்டாசுப் பகுதியில் வருமானமே வேறு மாதிரி. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் பல குடும்பங்களுக்குக் கூலி வாரக் கணக்கு. எத்தனை வெடி சுற்றினோம் என்ற எண்ணிக்கைக்குக் கூலி. தீபாவளிக்கு முன் வேலை குவியும், போனஸ் வரும். தீபாவளி முடிந்ததும் ஆலைகள் சில வாரம் அடங்கிவிடும். மழை பெய்தால் காயவைக்கும் வேலை நிற்கும். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புக்குத் தடை விதித்த பிறகு, ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்ததை இந்தப் பகுதி இன்னும் மறக்கவில்லை. இந்த வரவை "மாத வருமானம் எவ்வளவு?" என்று கேட்கும் ஒரு கட்டத்துக்குள் எப்படி நிரப்புவது?

எல்லாவற்றையும் விட முக்கியமானது போன். வெடிமருந்து கையாளும் இடத்துக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. ஒரு சின்னப் பொறி போதும், ஷெட்டே போய்விடும். அதனால் போன் வெளியில், பையில். வேலை முடியும்வரை தொழிலாளியின் கையில் போன் இல்லை.

இப்போது செயலி கேட்பவற்றைப் பாருங்கள். சில நிமிடத்துக்குள் ஓ.டி.பி. போடு. இந்தக் கோரிக்கையை ஏற்றுக்கொள். நாளைக்குப் பணம் எடுக்கப்போகிறோம், வேண்டாம் என்றால் இப்போதே சொல். எல்லாமே, போன் கையில் இருக்கிறது என்ற நம்பிக்கையில் எழுதப்பட்ட விதிகள். பாதுகாப்புக்காகப் போனை வெளியே வைக்கும் ஒருவருக்கு இந்தப் பாதுகாப்பு விதிகளே தடையாகின்றன.

ஆட்டோபே போட்டால் தீர்ந்துவிடாதா?

'ஆட்டோபே போட்டு மறந்துவிடுங்கள்' என்பது செயலிகள் தரும் முதல் ஆலோசனை. கேட்க நன்றாக இருக்கிறது. நடைமுறையில் மறக்கத்தான் முடியாது.

தானாகப் பணம் எடுக்கும் கட்டளைகளுக்கு 2021 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாடுகள் முழுமையாக அமலில் இருக்கின்றன. முதல்முறை உங்கள் ஒப்புதல் வேண்டும். ஒவ்வொரு முறையும் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும். பொதுவாக ரூ.15,000-க்கு மேல் போனால் மறுபடி உறுதிப்படுத்த வேண்டும். இவை நல்ல விதிகள். தெரியாமல் பணம் போவதைத் தடுக்கும்.

ஆனால் வாரக் கூலிக்காரர் கணக்கில் எந்த நாளில் எவ்வளவு இருக்கும் என்று அவருக்கே தெரியாது. 2025 ஆகஸ்ட் முதல், யு.பி.ஐ. ஆட்டோபே பணம் எடுப்பதை நெரிசல் இல்லாத நேரத்துக்கு என்.பி.சி.ஐ. மாற்றியது: காலை 10 மணிக்கு முன், மதியம் 1 முதல் 5 வரை, இரவு 9.30-க்குப் பின். சாயங்காலம் கூலி வாங்கிக் கணக்கில் போடலாம் என்று இருப்பவரின் கட்டளை, காலையிலேயே போய்ப் பணமில்லை என்று திரும்பியிருக்கலாம். தவணைக்கான 'நாச்' கட்டளை இப்படித் திரும்பினால் பல வங்கிகள் அபராதமும் பிடிக்கின்றன. பணம் இல்லாததற்குப் பணம்!

ஊர் மாறும் இளைஞர்களுக்கு வேறு தொல்லை. போன வருஷம் குடியிருந்த வாடகை வீட்டின் இணைப்பு எண் செயலியில் பதிவாகியிருக்கும். வீட்டைக் காலி செய்த பிறகும் "உங்கள் பில் வந்துவிட்டது" என்று நினைவூட்டல் வரும். ஆட்டோபேயை நிறுத்த மறந்திருந்தால், புதிதாகக் குடிவந்தவரின் கரண்டுக்கு நீங்கள் பணம் கட்டுவீர்கள். சொந்த ஊர் வீட்டில் நிலைமை இன்னும் வேடிக்கை. இணைப்பு பெரும்பாலும் தாத்தா பெயரில் இருக்கும். இணைப்பு எண்ணைப் போட்டதும் செயலி காட்டும் பெயர், சரியான வீடுதானா என்ற சந்தேகத்தைத் தீர்க்காது. ஒரு இலக்கம் மாறினால் பக்கத்து வீட்டு பில் கட்டப்பட்டுவிடும்.

அமெரிக்காவிலும் இதே கதைதான்

இது நம் ஊருக்கு மட்டும் வந்த சிக்கல் இல்லை. கணினி வழியாக பில் கட்டும் வேலையை அமெரிக்காவில் பெரிதாக்கிய 'செக்ஃப்ரீ' நிறுவனம் தொடங்கியது 1981-ல். பிறகு வீட்டுக் கணக்கு மென்பொருளான 'குவிக்கன்' போன்றவற்றிலிருந்தே பில் கட்டும் வசதி வந்தது. பயனாளர் திரையில் ஒரு பொத்தானை அழுத்துவார். பில் போட்ட நிறுவனத்தால் மின்னணு முறையில் பணம் வாங்க முடியாவிட்டால், பின்னால் ஒரு காகிதக் காசோலை அச்சாகித் தபாலில் போகும். திரையில் முடிந்த வேலை, தபால்காரர் பையில் பல நாள் பயணம் செய்தது. தாமதக் கட்டணம் வந்தால் யார் பொறுப்பு என்ற கேள்வி அன்றே வந்துவிட்டது.

2007-ல் வந்து லட்சக்கணக்கானோர் பயன்படுத்திய 'மின்ட்' என்ற வரவு செலவுச் செயலி, பில் கட்டும் வசதியை 2018-ல் நிறுத்தியது. 2024-ல் செயலியே மூடப்பட்டது. பல வருஷக் கணக்கை அதில் வைத்திருந்தவர்கள் வேறு இடம் தேடி அலைந்தார்கள்.

இந்தியாவிலும் 2024-ல் அப்படி ஒரு தடுமாற்றம் நடந்தது. கிரெடிட் கார்டு பில்களை வெளிச் செயலிகளில் கட்டுவதென்றால் 2024 ஜூலை 1 முதல் பாரத் பில் பேமென்ட் வழியாகத்தான் போக வேண்டும் என்றது ரிசர்வ் வங்கி. பல பெரிய வங்கிகள் அந்தத் தேதிக்குள் அதில் இணைந்திருக்கவில்லை. ஜூன் மாதம் வரை ஒரு தட்டில் கட்டிய பில்லை ஜூலையில் அதே செயலியில் கட்ட முடியவில்லை. விதி மாறியது வங்கிக்கும் செயலிக்கும். மாற்று வழி தேட வேண்டியிருந்தது வாடிக்கையாளர்.

நாடு எதுவானாலும் பாடம் ஒன்றுதான். செயலி என்பது இடைத்தரகர். அது உங்களுக்கு வசதி செய்து தரும். உங்கள் பாக்கிக்கு அது பொறுப்பேற்காது.

சட்டம் யார் பக்கம்?

கொஞ்சம் வாடிக்கையாளர் பக்கம்தான், ஆனால் பலருக்குத் தெரியாது.

2019 செப்டம்பர் 20-ல் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. தோல்வியடைந்த பரிவர்த்தனைகளில் பணம் எத்தனை நாளில் திரும்ப வேண்டும் என்று அது சொல்கிறது. யு.பி.ஐ.யில் ஒருவருக்கு அனுப்பிய பணம் உங்கள் கணக்கில் கழிந்து, அவர் கணக்கில் சேராவிட்டால், மறுநாளுக்குள் திரும்ப வேண்டும். வணிகருக்குக் கட்டிய பணத்துக்கு உறுதிச் செய்தி போய்ச் சேராவிட்டால் 5 நாளுக்குள். தாண்டினால் நாள் ஒன்றுக்கு ரூ.100 இழப்பீடு. இதில் முக்கியமான வரி: புகார் வரும்வரை காத்திருக்காமல் இழப்பீட்டைத் தானாகவே தர வேண்டும்.

ஆனால் ஒரு ஓட்டை இருக்கிறது. இந்தச் சுற்றறிக்கை பேசுவது பணம் போகும் பாதையைப் பற்றி. பணம் போய்ச் சேர்ந்து, உறுதிச் செய்தியும் வந்து, பில் கணக்கில் மட்டும் வரவு ஏறாமல் இருந்தால்? பரிவர்த்தனை "வெற்றி" என்பதால் அது தோல்விக் கணக்கில் வராது. வங்கியைக் கேட்டால் "எங்கள் பக்கம் எல்லாம் சரி" என்கிறது. செயலியைக் கேட்டால் "பில்லர் பக்கம் பெண்டிங்" என்கிறது. அலுவலகத்தில் கேட்டால் "எங்களுக்கு வரலை" என்கிறார்கள். மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. அவரவர் புத்தகத்தில் இருப்பதைத்தான் சொல்கிறார்கள். மூன்று புத்தகத்தையும் சேர்த்துப் பார்க்கும் ஆள் இல்லை என்பதுதான் குறை.

மின் இணைப்பைத் துண்டிப்பதற்கும் சட்டம் இருக்கிறது. 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 56-வது பிரிவு, கட்டணம் கட்டாததற்காக இணைப்பைத் துண்டிக்கும் முன் குறைந்தது முழுதாக 15 நாள் அவகாசம் தந்து எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும் என்கிறது. தொகையில் தகராறு இருந்தால், ஆட்சேபத்துடன் பணத்தைக் கட்டிவைத்து இணைப்பைக் காப்பாற்றிக்கொள்ளவும் வழி தருகிறது. ஆனால் "கட்டிவிட்டேன், உங்கள் கணக்கில் ஏறவில்லை" என்பவருக்கு என்ன வழி? மறுபடி ஒருமுறை கட்டுவதுதான். முதல் பணம் திரும்பும்வரை இரண்டு பில் காசு வெளியே நிற்கும். ஐ.டி. சம்பளக்காரருக்கு அது எரிச்சல். வாரக் கூலிக்காரருக்கு அது அந்த வாரத்து மளிகை.

கேட்க ஆள் இல்லாத இடத்தில் மோசடி நுழைகிறது

பில் சிக்கும்போது மக்கள் என்ன செய்கிறார்கள்? கூகுளில் 'கஸ்டமர் கேர்' என்று தேடி, முதலில் வரும் எண்ணுக்குப் போன் போடுகிறார்கள். அங்கேதான் மோசடிக்காரர் காத்திருக்கிறார். "இன்று இரவு உங்கள் மின்சாரம் துண்டிக்கப்படும், இந்த எண்ணில் அதிகாரியைத் தொடர்புகொள்ளவும்" என்ற எஸ்.எம்.எஸ். நாடு முழுக்கப் பல வருஷமாகச் சுற்றுகிறது. மின்வாரியம் எச்சரித்தும் ஏமாறுபவர்கள் குறையவில்லை. அதோடு ஒரு ஏ.பி.கே. கோப்பை அனுப்பி நிறுவச் சொல்வார்கள். நிறுவினால் போனே அவர்கள் கையில்.

இதில் ஏமாறுபவரை "பேராசைக்காரர்" என்று சொல்ல முடியாது. பில் கட்டியும் ஃபியூஸ் போன அனுபவம் ஒருமுறை இருந்தால், அடுத்த முறை அந்த எஸ்.எம்.எஸ். உண்மை போலத்தான் தெரியும். ஒழுங்கான பதில் தரும் ஆள் இல்லாததுதான் மோசடிக்குக் கதவு திறக்கிறது.

அப்போ மறுபடி வரிசையில் நிற்கணுமா?

வேண்டாம். ஈ.பி. ஆபீஸ் வரிசையை யாரும் ஏக்கத்தோடு நினைக்க வேண்டியதில்லை. எண்ணிக்கைக்குக் கூலி வாங்கும் ஒரு பெண் அரைநாள் வரிசையில் நின்றால், அந்த அரைநாள் கூலி போச்சு. சில்லறை இல்லை, சர்வர் டவுன், சாப்பாட்டு நேரம் என்று திருப்பி அனுப்பப்பட்ட கதைகள் எல்லா வீட்டிலும் உண்டு. ஊர் விட்டுப் போன பிள்ளை, பெற்றோர் வீட்டு பில்லை இருந்த இடத்திலிருந்து கட்ட முடிவது உண்மையான விடுதலை.

ஆனால் அந்த வரிசையின் முடிவில் ஒன்று கிடைத்தது. ரசீது. அதைக் காட்டினால் யாரும் மறுபேச்சு பேசவில்லை. டிஜிட்டல் வசதி வரிசையை ஒழித்தது நல்லது. கூடவே ரசீதின் மதிப்பையும் ஒழித்துவிட்டது. அதைத்தான் திரும்பக் கேட்க வேண்டும்.

அதற்கு நான்கு மாற்றங்கள் போதும்.

ஒன்று, பில் போட்ட அமைப்பின் கணக்கில் வரவு ஏறிய பிறகுதான் "வெற்றி" என்ற சொல்லும் பச்சை நிறமும் வர வேண்டும். அதுவரை "பணம் எடுத்தாச்சு, பில்லில் இன்னும் ஏறவில்லை" என்று தமிழில், நேராகச் சொல்ல வேண்டும்.

இரண்டு, கெடு தேதிக்குள் பணம் கிளம்பியதற்குப் பரிவர்த்தனை எண் இருந்தால், அந்தத் தகராறு தீரும்வரை தாமதக் கட்டணமும் துண்டிப்பும் கூடாது. கடிதம் தபாலில் தாமதமானால் அனுப்பியவரைத் தண்டிப்பதில்லையே!

மூன்று, வரவு ஏறுவதில் தாமதமானாலும் நாளுக்கு ரூ.100 விதி பொருந்த வேண்டும். காசு போகும் என்றால்தான் நிறுவனங்கள் மூன்று புத்தகத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க ஆள் வைக்கும்.

நான்கு, கவுண்டர் இருக்க வேண்டும். எல்லோருக்கும் அல்ல, போன் இல்லாதவருக்கு, போனை வெளியே வைத்துவிட்டு வேலை செய்பவருக்கு, செயலி கைவிட்டவருக்கு. மாலையிலும் விடுமுறை நாளிலும் சில மணி நேரம் திறந்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

அதுவரை நீங்கள் செய்ய வேண்டியவை

* கெடு தேதிக்கு நாலைந்து நாள் முன்பே கட்டுங்கள். சிக்கினாலும் திரும்ப நேரம் இருக்கும்.
* கட்டிய மறுநாள் மின்வாரிய இணையதளத்திலோ செயலியிலோ நிலுவை பூஜ்யம் ஆனதா என்று பாருங்கள். அங்கிருந்து ரசீதை இறக்கி, வீட்டில் இருப்பவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். செயலியின் ஸ்கிரீன்ஷாட் போதாது.
* யு.பி.ஐ.யின் 12 இலக்க எண் வேறு, பாரத் கனெக்ட் பரிவர்த்தனை எண் வேறு. புகாருக்கு இரண்டும் வேண்டும்.
* "பெண்டிங்" என்று காட்டினால் உடனே மறுபடி கட்ட வேண்டாம். கெடு நெருங்கிவிட்டால் மட்டும் கட்டுங்கள். இரண்டு தொகையும் ஏறிவிட்டால், கூடுதலை அடுத்த பில்லில் கழித்துக்கொள்ளச் சொல்லிக் கேளுங்கள்.
* மின்வாரியப் புகாருக்கு மின்னகம் எண்: 94987 94987. கூகுளில் தேடிக் கிடைக்கும் எண்ணை நம்ப வேண்டாம்.
* செயலியிலோ வங்கியிலோ புகார் கொடுத்து 30 நாளில் பதில் இல்லை என்றாலோ, பதில் திருப்தி இல்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை. தகவலுக்கு 14448.
* ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.
* வீடு மாறினால் முதல் வேலை, பழைய இணைப்பு எண்ணைச் செயலியிலிருந்து நீக்குவது, ஆட்டோபேயை நிறுத்துவது.

நாட்டின் காலண்டர், டைரி, பில் புக் என்று காகிதத்தில் ஏறும் எத்தனையோ விஷயங்கள் சிவகாசி அச்சகங்களில் பிறக்கின்றன. ரசீது என்றால் என்ன என்று அந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். கொடுத்தவர், வாங்கியவர் இரண்டு பேரும் ஒப்புக்கொள்ளும் ஒரே தாள் அது. ஒரு தாள் கிழித்துக் கொடுத்துவிட்டு, அடிக்கட்டையைத் தன்னிடம் வைத்துக்கொள்வார் கடைக்காரர். சண்டை வந்தால் இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கலாம்.

திருத்தங்கல் வீட்டு அம்மா கேட்டதும் அதைத்தான். பச்சை டிக் மகனின் போனில் இருக்கிறது. ஃபியூஸ் பிடுங்க வந்தவர் கையில் வேறு பட்டியல் இருக்கிறது. இரண்டும் ஒன்றாகும்வரை, "பணம் கட்டியாச்சு" என்று எந்தச் செயலியும் சொல்லக் கூடாது.